இரட்டைக் கோடு

வட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே டாக்டர் இரண்டு கோடு போட்டார்.

பேனா சரியாக எழுதவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

வட்டம் அவள். கட்டம் அவள் புருஷன் சின்னமாயன். சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரண்டு கோடு போடுவது வழக்கமாம். டாக்டர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். சின்னமாயன் அவளுடைய தாய்மாமன். அவள் அம்மாவின் கடைசித் தம்பி.

கீழே ஒரு சின்ன வட்டம். அதை மட்டும் டாக்டர் முழுக்கக் கறுப்பாக்கினார்.

அது அவர்கள் மகள் ஓவியா. பதினொரு வயது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஆர்எல்பிபி ஒன்று என்று ஒரு ஜீனாம். லாரி நம்பர் மாதிரி இருந்தது அவளுக்கு. கண்ணுக்குள் வைட்டமின் ஏ-யைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு புரதம் வேண்டும், அதைச் செய்யச் சொல்வது அந்த ஜீன்தான் என்றார் டாக்டர். ஓவியாவுக்கு அந்தப் புரதமே உருவாகவில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, இறைக்க வாளி இல்லை.

ஆறு வருஷமாக அவள் தண்ணீரைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மாலைக்கண் என்று ஊரே சொன்னது. பொன்னாங்கண்ணி, முருங்கை, ஞாயிறு தவறாமல் ஆட்டு ஈரல், மீன் எண்ணெய் மாத்திரை. துப்பிய நாளில் வாயைப் பிடித்துத் திணித்திருக்கிறாள். ஒருநாள் கரண்டியால் அடித்தும் இருக்கிறாள். பிள்ளைக்கு வைட்டமின் குறையே கிடையாதாம். ரத்தத்தில் நிறையவே இருக்கிறதாம்.

அந்த வாளியை வெளியில் வாங்க முடியாதா என்று சின்னமாயன் கேட்டான். தன் கண்ணை எடுத்து வைக்கலாமா என்றும் கேட்டான். வெளிநாட்டில் ஆராய்ச்சி நடக்கிறது, இன்னும் மருந்தாக வரவில்லை என்றார் டாக்டர். கண்ணை மாற்றிப் பயனில்லை. இப்போது இருட்டில்தான் தெரியவில்லை, போகப் போகப் பகலிலும் மங்கும். இருபது, இருபத்தைந்து வயதுக்குள் படிப்பை முடித்துவிடட்டும் என்றார்.



அந்த ஜீனில் ஒரு பழுது அப்பாவிடமிருந்து, ஒரு பழுது அம்மாவிடமிருந்து. ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் செய்யாது. ஒரே வீட்டிலிருந்து கிளம்பி இரண்டு வழியாக வந்து இந்தப் பிள்ளையிடம் சேர்ந்திருக்கிறது.

கல்யாணத்துக்கு முன் அவளைப் பெண் பார்க்க விருதுநகரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். கூட்டுறவு பேங்க் வேலை. வெள்ளைச் சட்டை, நல்ல மனுஷன். படித்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொள் என்று சின்னமாயனே வந்து சொன்னான். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மாமாவைக் கட்டி வைக்காவிட்டால் அரளி விதையை அரைத்துக் குடிப்பேன் என்றாள். சொன்னால் செய்வாள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அதுதான் இப்போது தாங்க முடியவில்லை. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

"வெளியில கட்டியிருந்தா?" என்று கேட்டாள். அந்த அறைக்குள் அவள் பேசியது அது ஒன்றுதான்.

டாக்டர் சின்னமாயனை ஒரு தரம் பார்த்தார்.

"வர்றதுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மிம்மா."

சின்னமாயன் மேஜை மேலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்தான். கோணாமல், ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தான்.

வெளியே வந்ததும் ஓவியாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். காலை பதினொரு மணி. ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க ஆட்கள், பச்சைத் துணி கட்டிய கண்கள். கோடியில் படிக்கட்டு. அங்கே விளக்கு எரியவில்லை. பிள்ளை இப்போதே காலால் தரையைத் தடவித்தான் நடந்தாள்.

அங்கே வேண்டாம், லிஃப்டில் போகலாம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

கூப்பிட வாயைத் திறந்தாள். தவழும் வயதிலிருந்து மாமா என்று கூப்பிட்ட சொல் வரவில்லை. இன்னொரு தரம் முயன்றாள்.

அவர்கள் வீட்டில், வெளியிலிருந்து வாழ வந்த பெண்கள் புருஷனைக் கூப்பிடுகிற விதம் ஒன்று உண்டு.

"என்னங்க," என்றாள்.

எத்தனையோ பேர் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு மூன்று ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சின்னமாயன் நடந்துகொண்டே இருந்தான்.

ஓவியா அவன் கையை இழுத்தாள்.

"அப்பா, அம்மா ஒன்னயத்தான் கூப்புடுது."

அவன் நின்றான். திரும்பவில்லை.