எட்டு சிலிண்டர்

“இறக்காதேங்கோ அண்ணை. அப்பிடியே நிப்பாட்டுங்கோ.”

சங்கிலியைப் பிடித்திருந்த கார்மேகத்தின் கை நின்றது. எட்டு சிலிண்டர் எஞ்சின், மூடி திறந்து கிடந்த சிவப்பு நிற குட்டி ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒரு முழம் மேலே லேசாக ஆடியபடி தொங்கியது.

ஒர்க் ஷாப் வாசலில் ஒரு பெண் மூச்சு வாங்க நின்றிருந்தாள். வீட்டு வேலைக்கான சீருடை, தலையில் துணி. அவளுக்குப் பின்னால், வெயிலில் நின்ற பெரிய வண்டியிலிருந்து கறுப்பு அபாயா அணிந்த அரபிப் பெண்மணி ஒருவர் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தார்.

“நான் சிவமலர். சுஹைல் வீட்டில வேலை செய்யிறன். அவதான் மேடம், சுஹைலின்ர அம்மா. உங்களோட கதைக்க வேணுமாம். உங்களுக்கு அரபி தெரியுமோ?”

தெரியாது. ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவுக்கு வந்ததிலிருந்து யல்லா, கல்லாஸ், மாஃபி என்று நாலைந்து அரபிச் சொற்களை வைத்தே கார்மேகம் காலத்தை ஓட்டிவிட்டான். காருக்குச் சொந்தக்காரனான சுஹைலிடம் இந்தியில் பேசிக்கொள்வான். மேடத்துக்கு இந்தி வராதாம். தானே இரண்டு பக்கமும் சொல்வதாகச் சொன்னாள் சிவமலர்.

மேடம் உள்ளே வந்தார். காரைப் பார்த்தார். தொங்கும் எஞ்சினை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். பிறகு கார்மேகத்தின் பக்கம் திரும்பி மளமளவென்று பேசினார். மக்கினா என்றால் எஞ்சின், வலத் என்றால் பையன். அந்த இரண்டுக்கும் நடுவில் வந்ததெல்லாம் அவனுக்கு வெறும் காற்று.

“இந்த எஞ்சினைப் போட வேண்டாமாம்” என்றாள் சிவமலர். “பழசையே திருப்பிப் பூட்டட்டாம். இண்டைக்குப் பின்னேரம் கூட்டாளிமாரோட ரேஸ் ஓடப் போறான் எங்கட பொடியன். இதோட போனால் முழுசா வீட்ட வரமாட்டானாம்.”

கார்மேகத்துக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

இதைத்தான் முதல் நாளிலிருந்து சுஹைலிடம் அவன் சொல்லிப் பார்த்தான். நாலு சிலிண்டர் எஞ்சினுக்கென்றே அளந்து செய்த கார் அது. எடையே இல்லாமல் துள்ளி ஓடுவதுதான் அதன் அழகு. சுஹைல் சிரித்துவிட்டு, “ஜல்தி பாய்” என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டான். அதற்கு மேல் மறுத்துப் பேச வழியில்லை. அவனுக்கு விசா கொடுத்த கஃபீல், ஒர்க் ஷாப்பின் அரபி முதலாளி, சுஹைலுக்குத் தாய்மாமன். அவர் முகம் சுளித்தால் விசா கேன்சல். அடுத்த ஃபிளைட்டில் மதுரை.

இன்றைக்கு, கேட்கக்கூடிய ஓர் ஆள் வாசல் தேடி வந்திருக்கிறார். விடுவானா?

“மேடம்கிட்ட நல்லா எடுத்துச் சொல்லும்மா. இதைப் போட்டா வண்டிக்கு மூக்கு கனத்துப் போகும். வளைவுல ஸ்டியரிங் திரும்பும், வண்டி திரும்பாது. பிரேக்கும் அந்தச் சின்ன எஞ்சினுக்குச் செஞ்சது. வேகம் வந்துரும், ஆனா நிக்காது. சாவியை அந்தப் பையன் கையில குடுக்கறதை நெனச்சாலே எனக்குப் பதறுது.”

சிவமலர் திரும்பிச் சொன்னாள். இவ்வளவு நீளமாக அவன் சொன்னது, அரபியில் நாலே வார்த்தையில் முடிந்துவிட்டது. மேடத்தின் முகம் தெளிந்தது. தலையை ஆட்டினார்.

நல்ல மனுஷி, சட்டென்று புரிந்துகொண்டார் என்று நினைத்துக்கொண்டான் கார்மேகம்.

எஞ்சின் ஆடாமல் அணைத்துப் பிடித்திருந்த உதவியாள் பாலகுருவுக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. “அண்ணே, சீக்கிரம் பேசி முடிங்க. நான் பிடிச்சிட்டிருக்கறது தொட்டில் இல்ல.”

மேடம் வண்டிக்குப் போய் ஏசியில் உட்கார்ந்துகொண்டார். சிவமலர் மட்டும் நின்றாள். பழைய எஞ்சினைப் பூட்டிவிடும்படி மறுபடியும் சொன்னாள். சுஹைல் கேட்டால், பெரியது பொருந்தவில்லை என்று சொல்லிவிட வேண்டுமாம்.

“அது எப்படிம்மா? நேத்துதான் அவர் கண்ணு முன்னாடியே இறக்கி அளவு பார்த்தோம். அச்சா உட்கார்ந்துச்சு. இப்பப் பொருந்தலைன்னா, மாமன்காரர் என்னைச் சும்மா விடுவாரா?”

அவள் வெளியே நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். கார்மேகத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். சுஹைல்.

“நல்லதாப் போச்சு. மேடத்தைப் பேசச் சொல்லு. ஒரே ஒரு வார்த்தை அவங்களே மகன்கிட்டச் சொல்லிட்டா, என் தலை தப்பிச்சிரும்.”

அடிக்கும் போனோடு வண்டியை நோக்கி நடந்தான். இரண்டு அடி போவதற்குள் சிவமலர் குறுக்கே வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளுடைய சீருடையின் வெள்ளைக் கைப்பட்டியில் கிரீஸ் அப்பியது. அவள் அதைப் பார்க்கவில்லை.

“மேடத்திட்ட குடுக்காதேங்கோ அண்ணை. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்.”

“ஏம்மா? இவ்வளவு தூரம் வந்து சொன்னவங்க, பெத்த பிள்ளைகிட்டச் சொல்ல மாட்டாங்களா?”

போன் அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடிக்க ஆரம்பித்தது. வண்டிக்குள்ளிருந்து மேடம் ஹாரனை அழுத்தினார். சிவமலரின் விரல்கள் அவன் கையை விடவில்லை.

“பெத்தவ இண்டைக்கே பூட்டி முடிக்கச் சொன்னவ, அண்ணை. வேண்டாமெண்டது வளத்த நான்.”