வெள்ளிக்கிழமை ஆட்டங்களைப் பற்றிச் சில கேள்விகள்

சாட்சிக் கூண்டில் நின்ற டால்டன் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவனைச் சிரிக்க வைத்ததே எங்கள் வக்கீல்தான். பள்ளிக்கூடத்து ஃபுட்பால் ஆட்டங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள், புண்ணியவதி.

என் தம்பி லெவான், வெறுங்கையோடு ஓடிக்கொண்டிருந்தவன். அவனை முதுகில் சுட்டவன் ஷெரீஃபின் போலீஸ்காரனான இந்த டால்டன். எங்கள் மாவட்டத்து அரசு வக்கீல்கள் இவன்மேல் வழக்கே கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். அதனால்தான் ஷெரீஃப் அலுவலகத்தின் மேல் சிவில் உரிமை வழக்குப் போட்டு, மத்திய நீதிமன்றம் வரை வந்தோம்.

“இருட்டுல யாருன்னே தெரியல. எவனோ கொள்ளைக்காரன், துப்பாக்கி வச்சிருப்பான்னு பயந்துட்டேன்.” டால்டன் பிடித்த பிடி இது ஒன்றுதான்.

லெவானைத் தெரிந்த எவனும் அவனைக் கண்டு பயப்பட மாட்டான். தெரிந்துதான் சுட்டான் என்று காட்ட எங்களிடம் வழியில்லை.

வக்கீலோ அந்த வெள்ளிக்கிழமைகளை விடுவதாக இல்லை. மைதானத்து விளக்குகள், அவித்த வேர்க்கடலை, ஆட்டம் முடிந்ததும் எங்கள் வீட்டில் பொரித்த கெளுத்தி மீன். ஜூரியில் இரண்டு பேர்கூடச் சிரித்தார்கள்.

வெட்கங்கெட்ட மனசு, எனக்கும் அந்த வாசம் வந்தது. டால்டன் எங்கள் அம்மாவின் தட்டிலிருந்தே எடுத்துத் தின்பான். “உங்க வீட்ல அடுப்பே பத்த வைக்க மாட்டாங்களாடா?” என்று அம்மா அவன் தலையில் குட்டுவாள். மைதானத்தில் லெவான் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவான். எதிராளிகளை இடித்துத் தள்ளி அவனைக் காப்பாற்றுவது டால்டனின் வேலை. என்ன மாதிரி நாட்கள் அவை!

வக்கீல் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்: “சம்பவம் நடந்த அன்னிக்கு ராத்திரி லெவான் எப்படி ஓடினார்?”

“எப்பவும் போலத்தான் மேடம், திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே. ‘பின்னால பாக்காதடா, நான் இருக்கேன்ல’ன்னு எத்தனை தடவ சொல்லியிருப்பேன்...”

டால்டன் சட்டென்று தன் தரப்பு வக்கீலைத் திரும்பிப் பார்த்தான்.

ஷெரீஃபின் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் வக்கீல் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஜெயித்துவிட்டோம் என்று எனக்குப் புரிந்தது. சந்தோஷம்தான் வரவில்லை.

பக்கத்தில் அம்மா எழுந்து நின்றாள். உட்காரும்படி நீதிபதி சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

“டால்டன், அவன் திரும்பிப் பாத்தானே, நீதான்னு அவனுக்குத் தெரிஞ்சுதாடா?”