ஏழு பேருக்கு ஷூ

“ஏழு பேருக்கும் இன்னைக்குள்ள ஷூ போட்டாகணும். நாளைக்குத் திறப்பு விழாவுல ஒருத்தன் காலும் வெறுங்காலாத் தெரியக்கூடாது. தெரிஞ்சா கம்பெனி மானம் கப்பலேறிடும்.”

போனில் கத்தியவர் சைட் இஞ்சினியர் விஜயபாஸ்கர். வாசல் படிக்குச் சிமென்ட் குழைத்துக்கொண்டிருந்த அழகுமலையின் கை அப்படியே நின்றது. இந்த சைட்டில் மொத்தமே ஏழு பேர்தான். ஒருவர் காலிலும் ஷூ கிடையாது.

கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் படுத்து, ஷார்ஜா தொழில்பேட்டை கேம்புகளில் ஆட்கள் வேலையில்லாமல் சுருண்டு கிடந்த நேரத்தில் வந்த திட்டம் இது. அரசாங்கம் வேலை கொடுக்கும். நூலகம், தபாலாபீஸ், பஸ் நிலையம் என்று பொதுக் கட்டடங்கள் எழும்பும். ஒவ்வொன்றின் சுவரிலும் ஒரு பெரிய சித்திரம் இருக்கும். சொன்னபடியே வேலை வந்தது, இந்த நூலகமும் எழும்பியது. இடையில் காண்ட்ராக்ட் எடுத்த கம்பெனிதான், முதலில் கொடுத்த ஷூ வாய் பிளந்த பிறகு மறு ஷூ கொடுக்கவில்லை. செருப்போடு சாரம் ஏறினால் வழுக்கியது. வெறுங்காலோடு ஏறினார்கள். சிமென்ட் கடித்து விரலிடுக்கெல்லாம் வெந்து போனது.

அழகுமலைக்குச் சர்க்கரை வேறு. ஆறாத வலது பெருவிரலில் நீலத் துணி சுற்றியிருந்தார். “இதோட சிமென்ட்ல நின்னீங்கன்னா விரலை எடுக்க வேண்டியதுதான்” என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அதை இஞ்சினியரிடம் சொன்னபோது, அவர் விரலைப் பார்க்காமலே, “ஆர்டர் போட்டாச்சு” என்றார். அது ரம்ஜானுக்கு முன்னால். இப்போது பக்ரீத்தும் போய்விட்டது.

“மகேசா, ஷூ வருதாம்டா” என்றார் அழகுமலை.

மணல் சலித்துக்கொண்டிருந்த மகேசன் நிமிரவில்லை. இலங்கை மலைநாட்டுக்காரன், எதையும் லேசில் நம்பமாட்டான்.

“யாரு சொன்னா? ஆர்டரு போட்ட ஆளா?”

“அந்தாளு வாயாலதான். காதால கேட்டேன். ஏழு பேருக்கும்னாரு.”

“இத்தனை நாளா இல்லாத அக்கறை என்ன அண்ணே திடீர்னு?”

“அக்கறையா? நாளைக்குப் பெரிய ஆளுக வர்றாங்க. நம்ம கால் அவங்க கண்ணுல பட்டா அசிங்கமாம். விரல் அழுகுனப்ப அசிங்கமாத் தெரியல. கால் நம்மளுது, கூச்சம் அவங்களுது.”

“எதுக்காக வந்தா என்ன? கால்ல ஏறிட்டா அப்புறம் அது நம்ம ஷூ.”

அழகுமலைக்குச் சிரிப்பு வந்தது. எரிச்சல் போகவில்லை.

“அந்தப் பொண்ணு ராதிகாதான் காரணமா இருக்கும்” என்றான் மகேசன்.

ராதிகா சுவருக்குச் சித்திரம் எழுத வந்தவள். துபாயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். மேல்பாதியில் கப்பலும் பேரீச்ச மரமும் எழுதி முடித்துவிட்டு, கீழ்ப்பாதியைப் பச்சைத் துணி கட்டி மறைத்து எழுதினாள். யாரையும் எட்டிப் பார்க்க விடமாட்டாள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இவர்களோடு வந்து உட்காருவாள். இவர்கள் பேச்சு அவளுக்குப் பாதிதான் புரியும். கண் மட்டும் இவர்கள் காலையே சுற்றி வரும்.

“நேத்து இஞ்சினியரோட இங்கிலீஷ்ல சண்டை பிடிச்சிச்சே, கேட்டீங்களா? ஷூ, ஷூன்னு வாய்க்கு வாய் அதுதான். பிரஷைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருச்சு.”

“நமக்காகவாடா வேலையை விட்டுச்சு?”

“வேற யாருக்காக அண்ணே?”

அழகுமலை மறுபடியும் சிமென்ட்டைக் குழைக்கத் தொடங்கினார். சொந்தக் கம்பெனிக்காரன் பார்க்காத காலை, எங்கிருந்தோ வந்த பெண் பார்த்திருக்கிறாள்.

மத்தியானம் இஞ்சினியரே வந்து, “அழகுமலை, சாமான் வருது. ஏழு பேருமே இருங்க, யாரும் கேம்ப் பஸ்ல ஏறிடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“அளவு கேக்கலையே அண்ணே” என்றான் மகேசன்.

“பெருசா வாங்கியிருப்பாங்க. துணி வச்சு அடைச்சுக்குவோம்.”

வேலை முடிந்ததும் ஏழு பேரும் குழாயடியில் கால் கழுவினார்கள். காய்ந்த சிமென்ட்டைச் சாக்குத் துண்டால் தேய்த்தார்கள். அழகுமலை விரல் துணியை அலசிப் பிழிந்து மறுபடியும் சுற்றிக்கொண்டார். புது ஷூவுக்குள் அழுக்குத் துணியோடு நுழைய மனசில்லை.

பிக்கப் வண்டி வந்தது. அட்டைப் பெட்டியை இறக்கிய மகேசனின் தோள் சாய்ந்தது.

“என்ன அண்ணே, இந்தக் கனம் கனக்குது?”

“நல்ல ஷூடா. முன்னால இரும்பு வச்சது. கம்பி விழுந்தாலும் தாங்கும்.”

ஏழு பேரும் வரிசையாக நின்றார்கள். விஜயபாஸ்கர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பெட்டியைக் கிழித்தார்.

உள்ளே கறுப்புப் பெயிண்ட் டப்பாக்கள். மேலே ஏழு பிரஷ்.

அவர் போய்ப் பச்சைத் துணியைப் பிடித்து இழுத்தார். சுவரில் ஏழு பேர் நின்றார்கள். மகேசனின் கோணல் பல், அழகுமலையின் நரைத்த மீசை, வெந்த விரலிடுக்குகள், பெருவிரலில் நீலத் துணி, எல்லாம் அச்சு அசலாக இருந்தன. ஏழு பேருக்கும் வெறுங்கால்.

“வரைஞ்ச பொண்ணு மாட்டேன்னுட்டுப் போயிடுச்சு. சுவர்ல இருக்கிற உங்க ஏழு பேருக்கும் நீங்களே ஷூ போட்டு விட்டுருங்க” என்றார் விஜயபாஸ்கர். “அந்த நீலத் துணி தெரியாம, கொஞ்சம் கெட்டியாப் பூசுங்க.”