நீ என்ன பேரினம்?

அரிசி மூட்டையில் பிறந்த அந்துப்பூச்சி ஒருத்தி, ஆராய்ச்சிக்கூடத்தில் திறந்து கிடந்த கண்ணாடிப் பெட்டிக்குள் தெரியாத்தனமாக நுழைந்துவிட்டாள். உள்ளே ஊசியில் குத்தி வைத்திருந்த கிழட்டு அந்து, வந்ததும் வராததுமாக அதட்டியது: "நீ என்ன பேரினம்?"

"அதெல்லாம் தெரியாதுங்க."

"அந்த மூக்கைப் பார்த்தாலே தெரியுது, நீ எங்க ஆளு இல்ல. என் பேரினத்தைப் பெரிய பெரிய ஆராய்ச்சியாளருங்களே உறுதி பண்ணியிருக்காங்க!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிழத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"அது சரி, உங்க வயிறு எங்கே?"

"அறுத்துப் பார்த்தாத்தானே பேரினம் சரியாத் தெரியும்? அதான் எடுத்துட்டாங்க" என்றது கிழம், பெருமை வழிய.

"அப்ப அந்தப் பேரினத்தை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க. எனக்கு வயிறு நிறைய முட்டை இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவள் அரிசி மூட்டைக்குப் பறந்தாள்.