மாமியாரைக் கேட்கும் மருமகள்

“எந்த வீட்டுலயும் நடக்காத அநியாயம். மூணு நாளா எல்லாத்துக்கும் எங்கம்மாவைத்தான் கேக்குறே. கட்டின புருஷன் குத்துக்கல்லு மாதிரி நிக்கிறேன், என்கிட்ட ஒரு வார்த்தை?” காரை ஓட்டியபடியே பொருமினான் கணவன்.

“உங்ககிட்ட கேட்டா எனக்குத்தான் தண்டனை” என்றாள் மனைவி.

“ஏன்டா அவளைக் குடையுறே? ரோட்டைப் பாத்து ஓட்டு” என்றார் பின்சீட்டிலிருந்த மாமியார்.

“உன் மருமகளை ஒண்ணு சொல்ல விடமாட்டியே.”

கார் நின்றது. மாமியார் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, டிக்கியிலிருந்த கோல்ஃப் மட்டைப் பையைத் தூக்கித் தோளில் மாட்டினார்.

இன்று நாலு நாள் கோல்ஃப் போட்டியின் இறுதிச் சுற்று. எட்டு வருடமாகத் தொழில்முறையில் ஆடும் மருமகள் முதன்முறையாக முன்னிலையில் இருந்தாள். ஆடும்போது, பை தூக்குபவரிடம் மட்டுமே அவள் யோசனை கேட்கலாம். வேறு யாரைக் கேட்டாலும் அபராதம்தான்.

“சட்டம் எனக்கும் தெரியும். இன்னிக்காவது பையை என்கிட்ட குடும்மா.”

“போன வருஷம் பூரா நீதானேடா தூக்கினே?” மாமியார் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். “நீ சொன்ன பக்கம் அடிச்ச பந்தெல்லாம் இன்னும் குளத்துலதான் கெடக்கு.”