லோஷினி கொடுத்த ஒற்றை நட்சத்திரம்

“ஒத்த ஸ்டார் போட்ட பொண்ணு எந்த டேபிள்ல உட்கார்ந்திருக்கு, அதை மட்டும் சொல்லுங்கக்கா,” என்றான் மகேஸ்வரன். ஹெல்மெட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை.

செல்வராணிக்குச் சிரிப்பு வந்தது. ஜொகூர் பாரு வாசகர் குழுவை நடத்துகிறவர் அவர். மாதம் முழுக்கத் தினம் ஓர் அறிவியல் சிறுகதை, அதுவும் பதிப்பகம் எதுவும் இல்லாமல் தாங்களே இணையத்தில் வெளியிடுகிற எழுத்தாளர்களுடையது மட்டும் என்று ஒரு வாசிப்புச் சவால் அறிவித்திருந்தார். படித்துவிட்டு விமர்சனம் எழுதினால்தான் அந்த நாள் கணக்கில் சேரும். சவால் முடிந்ததைக் கொண்டாட ஸ்கூடாயில் ஓர் உணவகத்தின் மாடியில் எல்லோருக்கும் வாழையிலைச் சாப்பாடு. அதிக நட்சத்திரம் வாங்கிய எழுத்தாளருக்கு மாலையும் பொன்னாடையும். அந்த எழுத்தாளர் மகேஸ்வரன்தான்.

“முதல்ல கையக் கழுவிட்டு உட்காருங்க தம்பி. அத்தனை பேர் அஞ்சு ஸ்டார் போட்டிருக்காங்க. ஒருத்தி போடலைன்னா என்ன லா?”

என்னவா? அது அவனுடைய முதல் கதை. ஜொகூர் நீரிணை வற்றிப்போன காலத்தில், அக்கரையில் மாட்டிக்கொண்ட காதலியைத் தேடி ஒருவன் சிங்கப்பூருக்கு நடந்தே போகிற கதை. பெக்கான் நானாஸில் தான் வேலை பார்க்கிற அன்னாசி டின் ஃபேக்டரியில் ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவசர அவசரமாக அதை ஏற்றிவிட்டான். பிறகு திறந்து பார்க்க நேரமே கிடைக்கவில்லை. வந்து குவிந்த விமர்சனங்களைப் படிக்கவே பொழுது சரியாக இருந்தது.

அவற்றில் பாதி அவனுக்கு மனப்பாடம். ‘ஒரு சொல்கூட அதிகமில்லை.’ ‘நிதானமான நடை, உறுதியான குரல்.’ ‘மனிதர்களே தேவைப்படாத ஓர் உலகத்தைக் கண்முன் நிறுத்திவிட்டார்.’

கடைசியாகச் சொன்னது அவனுக்கே கொஞ்சம் இடித்தது. காதலனும் காதலியும் கட்டிப்பிடித்து அழுகிற கதையில் மனிதர்கள் எப்போது தேவைப்படாமல் போனார்கள் என்று யோசித்தான். எழுதியவனுக்கே தெரியாத ஆழம் கதையில் இருக்கிறது என்று முடிவுக்கு வந்தான். புகழ்ச்சி என்று வந்துவிட்டால் அவன் அதிகம் குறுக்குக் கேள்வி கேட்கிற ஆள் இல்லை.

அந்தத் தைரியத்தில்தான் நேற்று மேனேஜரிடம் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தான். அங்கேயும் எழுத்து வேலை கொடுக்கத்தான் செய்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த புது ஆட்களுக்காக அவன் மெனக்கெட்டு எழுதிக் கொடுக்கிற வேலைக் குறிப்புகளைச் சுவரில் ஒட்டுவார்கள், ஒருவரும் நின்று படிப்பதில்லை. இனிமேல் முழுநேர எழுத்தாளன். மனைவி மலருக்கு மட்டும் இன்னும் விஷயம் தெரியாது. மாலை போட்ட படத்தைக் காட்டிவிட்டுச் சொன்னால் அடி கொஞ்சம் குறையும் என்று நினைத்திருந்தான்.

இத்தனைக்கும் நடுவில்தான் லோஷினி என்ற ஒருத்தி, ‘கதையும் இல்லை, காதலும் இல்லை’ என்று எழுதி, ஒற்றை நட்சத்திரத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

லோஷினி ஜன்னலோரம் இருந்தாள். பாசிர் கூடாங்கில் ஷிஃப்ட் வேலை பார்க்கிற பெண். ஃபேக்டரி பஸ்ஸில் போக வரப் படித்தே சவாலை முடித்திருந்தாள்.

“பாலோ ரப்பர் எஸ்டேட்டுல விண்கலம் எறங்கி, பால்மரம் வெட்டத் தெரிஞ்சவங்களை மட்டும் ஏத்திட்டுப் போற கதை இருக்குல்ல?” பக்கத்து இலைக்காரியிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். “அதைப் படிச்சிக்கிட்டே இறங்க வேண்டிய எடத்தை விட்டுட்டேன். சூப்பர்வைசர் ஏசுனாரு. அவர் ஏசும்போதும் எனக்கு அந்த முடிவுதான் ஓடிக்கிட்டிருந்துச்சு.”

கேட்கக் கேட்க மகேஸ்வரனுக்கு வயிறு எரிந்தது. எவனோ எழுதியதற்கு இவ்வளவு, தனக்கு ஒன்று.

“நீங்கதான் லோஷினியா? நான் மகேஸ்வரன். நீரிணை கதை எழுதுனவன்.”

அவள் சட்டென்று எழுந்துவிட்டாள். “அண்ணே, உங்களைத்தான் தேடிக்கிட்டிருக்கேன். மெசேஜ் போட்டேன், நீங்க பிளாக் பண்ணிட்டீங்க.”

“ஆமா, பண்ணேன். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க, பரவால்ல. காதலே இல்லைன்னு எப்படி எழுதலாம்? அஞ்சு ஸ்டார் போட்டவங்க எல்லாரும் மடையங்களா?”

ஐந்து நட்சத்திரக்காரர்கள் பலருக்கும் திடீரென்று ரசத்தின் மேல் ஈடுபாடு வந்துவிட்டது.

“கொஞ்சம் கீழ போய்ப் பேசலாமாண்ணே?”

“எதுக்கு? எல்லாரும் கேட்கட்டும். முழுசா படிச்சீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க.”

“ரெண்டு தரம் படிச்சேண்ணே. எல்லாரும் அப்படிப் புகழ்ந்திருந்தாங்க, எனக்குத்தான் புரியலையோன்னு மறுபடியும் படிச்சேன்.”

“அப்ப அதுல என்ன இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்.”

லோஷினி உதவிக்குச் செல்வராணியைப் பார்த்தாள். அவர் அப்பளத்தை ரொம்பக் கவனமாக நொறுக்கிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை என்று தெரிந்ததும் லோஷினி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“டின் மூடுற மிஷினை எப்படிக் கழுவணும்னு இருக்குண்ணே.”