நாமுலிக்காக அடித்த கோல்

லுப்வாமா கரி அடுப்பில் தண்ணீர் வைக்கிறான். முகம் கழுவுகிறான். நேற்று அவித்த வாழைக்காயை டீயோடு விழுங்குகிறான். வலது முட்டியில் துணிப்பட்டையை இறுக்கிச் சுற்றுகிறான். மனைவி நாமுலி செத்து இன்றோடு பத்தொன்பது நாள். பத்து மணிக்கு உகாண்டா கால்பந்து அணியின் பயிற்சி முகாமில் இருக்க வேண்டும். கம்பாலாவின் செம்மண் சந்தில் வெயில் இன்னும் ஏறவில்லை. முனையில் பைக் டாக்ஸிக்காரர்கள் ரேடியோவைச் சுற்றி நிற்கிறார்கள். அவள் செத்த அன்று அவன் அடித்த கோலை அது மறுபடியும் கத்துகிறது. சாகக் கிடந்த மனைவி அனுப்பிவைத்த கோல் என்கிறான் அறிவிப்பாளன். ஆட்டம் முடிந்ததும் யாரோ அப்படித்தானா என்று கேட்டதற்கு லுப்வாமா தலையாட்டியிருந்தான். அன்றிலிருந்து அது ஊர்க்கதை.

"ஏறு மாப்ளே," என்கிறான் டாக்ஸிக்காரர்களில் ஒருவனான வாலுசிம்பி. "உன்னை யாரு கொண்டுபோய் விடறதுன்னு விடியறதுலேருந்து இங்க சண்டை."

"போன வருஷம் நீங்க பெனால்டியை வானத்துக்கு அடிச்சப்ப, பாதி வழியில இறக்கிவிட்டு நடக்கச் சொன்னதும் இவன்தாண்ணே," என்கிறான் இன்னொருவன். எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிப்பு அடங்கியதும் அவனே ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு கிட்டே வருகிறான். "அண்ணே, அண்ணி நெசமாவே கோல் போட்டுட்டு வாங்கன்னுதான் சொன்னாங்களா?"

"ஆமா."

லுப்வாமா பைக்கில் ஏறுகிறான். முட்டி மடங்கவில்லை, காலைக் கையால் தூக்கி வைக்கிறான். அன்று காலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நாமுலி கடைசியாகச் சொன்னது வேறு.

"இன்னைக்கு மட்டும் போகாதீங்க. அங்க உங்களுக்குப் பதிலா இறங்க ஆள் இருக்கு."